கோடு வரை தண்ணீர்

பிப்ரவரி 5, திங்கள்

சம்பந்தியம்மாவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் நீங்கள் நம்பப்போவதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது இந்த வீட்டுச் சாவியை நம்மிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, உப்புத்தண்ணீர் மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்கள். திங்கள், புதன், வெள்ளி நான். செவ்வாய், வியாழன், சனி நீங்கள். ஞாயிறு மீனுக்கு விடுமுறை. கல்யாணத்தில் நடந்த கூத்துக்குப் பிறகு நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருக்க இந்த ஏற்பாட்டைச் செய்தது உங்கள் பெண்தானாம். போனில் பேசினாலும் சண்டை வரும், சொல்ல வேண்டியதை எழுதி மீன் தீனி டப்பாவுக்கு அடியில் வையுங்கள் என்றாளாம். கெட்டிக்காரி. வைத்துவிட்டேன்.

இன்று கதவைத் திறந்ததுமே மோட்டார் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல்கடை கீழே கிடந்தது. கோடு என்று நான் சொல்வது என் பிள்ளை கண்ணாடியில் ஒட்டிவைத்த நீல டேப்பை. பக்கத்தில் ‘தண்ணீர் குறைந்தால் கோடு வரை ஊற்றவும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறான். சனிக்கிழமை நீங்கள் ஊற்றினீர்களா, இல்லை மீனுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்தத் தொட்டி எனக்கு வெறும் தொட்டி இல்லை. என் பிள்ளை கையோடு எடுத்துப்போக முடியாத ஒரே பொருள் இதுதான். இதில் மீன் நீந்தும்வரை அவன் திரும்பி வருவான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஒரு வருடத்துக்கு என்று போனவர்கள் அங்கேயே வேர்விட்டுவிடுவது ஊர் உலகத்தில் நடக்காததா?

பெரிய கோமாளி மீன் சின்னதை இன்றும் ஓட ஓட விரட்டியது. பெரியதுதான் பெண்ணாம். அதற்கு ‘மருமகள்’ என்று பெயர் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மாப்பிள்ளையின் அம்மா


பிப்ரவரி 6, செவ்வாய்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தீனி டப்பாவை எடுக்கும்போது காலில் விழுந்தது.

சனிக்கிழமை கோடு வரை ஊற்றினேன். குனிந்து, கண்ணாடியோடு கண் வைத்துப் பார்த்து ஊற்றினேன். தண்ணீர் எங்கே போனது என்று என்னைக் கேட்பதற்கு முன்னால் மேசை விசிறியைக் கேட்டிருக்கலாம். மீனுக்குப் புழுங்குமே என்று அதைத் தொட்டியின் மேல் திருப்பி, ஓடவிட்டுப் போனது தாங்கள்தானே? நான் சலவைக்கடை நடத்துகிறேன். ஈரத்துணி சீக்கிரம் காய வேண்டுமென்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஜன்னலும் திறந்திருந்தது. இரண்டையும் அடைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

தாங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறைக்கே தலைமைச் சமையல்காரி. அங்கே அதட்டுகிற பழக்கத்தை இந்தத் தொட்டியடியில் காட்ட வேண்டாம். கல்யாணப் பந்தியில் இத்தனை பேர் காது கேட்க “உப்பில்லாப் பண்டம் குப்பையிலே” என்று சொன்னீர்கள். நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த விருந்து அது. என் வீட்டுக்காரர் அன்றிலிருந்து எதைச் சாப்பிட்டாலும் “உப்பு சரியாத்தானே இருக்கு?” என்று என்னையே கேட்கிறார்.

பிள்ளைகள் திரும்பி வர வேண்டும் என்கிற ஆசை தங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. எனக்கும் இருப்பது ஒரே பெண்.

மீனின் பெயரை மாற்றவும். என் பெண் யாரையும் விரட்டமாட்டாள்.

இப்படிக்கு,
பெண்ணின் அம்மா


பிப்ரவரி 16, வெள்ளி

சம்பந்தியம்மாவுக்கு,

விசிறி என் தப்புதான். ஒப்புக்கொள்கிறேன், இதோடு அந்தப் பேச்சை விடுங்கள்.

ஆனால் நீங்கள் செய்திருப்பது என்ன? இன்று வந்து பார்த்தால் தொட்டியின் வாய் முழுக்க பிளாஸ்டிக் உறை. சலவை செய்த கோட்-சூட்டுக்கு மாட்டிக் கொடுப்பீர்களே, அந்த உறை. நாலு பக்கமும் ரப்பர் வளையம் போட்டு இறுக்கி வைத்திருக்கிறீர்கள். உள்ளே வேர்த்து ஒழுகுகிறது. தண்ணீர் ஒரு சொட்டு குறையவில்லை, வாஸ்தவம். ஆனால் மீன் இரண்டும் மேலே வந்து வாயை வாயைத் திறக்கின்றன, தண்ணீர் வெந்நீர் மாதிரி இருக்கிறது. மீனை என்ன மடித்து டெலிவரிக்கா கொடுக்கப் போகிறீர்கள்?

உறையைக் கழற்றிவிட்டேன். கொஞ்சம் ஆவியாகட்டும் அம்மா. ஆவியானால்தான் தண்ணீர் ஆறும், காற்றும் உள்ளே போகும். போன தண்ணீரை அன்றன்றைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டால் தீர்ந்தது. மொத்தமாக வற்றவிட்டு மொத்தமாக ஊற்றினால் மீனுக்கு ஆகாது என்று என் பிள்ளை கிளம்பும்போது சொன்னான். இதெல்லாம் அவன் எழுதிவைத்திருக்க வேண்டியது. அவன் அப்பாவும் இருந்தவரை இப்படித்தான், பாதியைச் சொல்லி மீதியை நாம் ஊகிக்க வேண்டும்.

போன வாரம் அவனோடு பேசினேன். அங்கே அவர்களுக்கு நல்ல வீடு கிடைத்திருக்கிறதாம், ஜன்னலில் மரம் தெரிகிறதாம். நான் உடனே “இங்க மீன் நல்லா இருக்குடா” என்றேன்.

பெயரை மாற்ற முடியாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள்.

மாப்பிள்ளையின் அம்மா


பிப்ரவரி 17, சனி

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

பிளாஸ்டிக் உறை போட்டது அவசரத்தில் செய்தது. இப்போது மெல்லிய துணிகளைத் துவைக்கப் பயன்படுத்தும் வலைப்பையைப் பிரித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி மேலே வைத்திருக்கிறேன். காற்று போகும், மீன் துள்ளி வெளியே விழாது. தையல் சற்றுக் கோணல், என் வீட்டுக்காரர் கைவேலை.

தங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படிகிறதே, தாங்கள் எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள்? அடுப்படியில் பெரிய பாத்திரம் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தால் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து ஊற்றுவதாகத் தெரிகிறது. கடல் மீனுக்கு யாராவது சப்பென்ற தண்ணீரை ஊற்றுவார்களா? தொட்டி விளிம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்து நிற்கிறது, உப்பு வெளியேறுகிறது என்று அதிலேயே தெரியவில்லையா? பரவாயில்லை. தாங்கள் வந்துபோன மறுநாள் நான் பார்த்து ஈடுகட்டிவிடுகிறேன். உப்பு விஷயத்தில் இனி என் குடும்பத்தை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது.

மோட்டாருக்குப் பக்கத்தில் பூ மாதிரி ஒட்டியிருக்கும் பிராணி, அந்தக் கடற்சாமந்தி, அழகாக விரிந்திருக்கிறது. சின்ன மீன் அதற்குள் புரண்டு படுத்திருந்தது. கடைக்குப் போக நேரமாகியும் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 26, திங்கள்

சம்பந்தியம்மா,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடற்சாமந்தி சுருங்கி, பிழிந்துபோட்ட துணி மாதிரிக் கிடக்கிறது. பெரியவள் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்குகிறாள். சின்னதை விரட்டக்கூட இல்லை. அவள் விரட்டாமல் இருப்பதைப் பார்த்துத்தான் ஏதோ பெரிய தப்பு என்று எனக்குத் தெரிந்தது. தொட்டியில் இருக்கிற ஒற்றை இறாலும் பாறைக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை.

நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். சம்பந்தியம்மா, அது கடல் இல்லை, ஊறுகாய். உப்பு அளக்கும் பெட்டியில் தண்ணீரை மொண்டு பார்த்தேன். பச்சைக் கட்டத்தில் நிற்க வேண்டிய முள் அதைத் தாண்டி மேலே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது. அலமாரியைத் திறந்தால் வருடம் முழுவதற்கும் என்று அவன் வாங்கிவைத்த கடலுப்பு மூட்டை தலையணை உறை மாதிரிக் காலியாகக் கிடக்கிறது.

‘ஈடுகட்டுகிறேன்’ என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதானா? ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீரையா ஊற்றினீர்கள்?

பிள்ளையிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். மீன் போய்விட்டால் “சரி, இனி அங்க என்ன இருக்கு” என்று அவன் மனசு விட்டுவிடும். எனக்கு பயமாக இருக்கிறது. நாளைக்கு நீங்கள் வரும்போது தயவுசெய்து எதையும் ஊற்றாதீர்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


பிப்ரவரி 27, செவ்வாய்

சம்பந்தியம்மாவுக்கு,

ஆமாம். உப்புத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கலக்கி, சில நாள் ஒரு பிடி கூடவே போட்டு ஊற்றினேன்.

கோடு வரை ஊற்றவும் என்றுதான் எழுதியிருக்கிறார் மாப்பிள்ளை. எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. கடல் மீனுக்குக் கடல் தண்ணீர் என்று நினைத்தேன். தாங்கள் வெறும் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்தபோது, இங்கேயும் உப்பு குறைந்தால் அந்தப் பழியும் பெண் வீட்டார் தலையில்தான் விழும் என்று தோன்றிவிட்டது. பந்தியில் பட்ட சூடு அப்படி. பாலில் வாயைச் சுட்டுக்கொண்ட பூனை மாதிரி, மோரைக் கண்டாலும் ஊதுகிறேன்.

இன்று எதையும் ஊற்றவில்லை. தொட்டி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவள் ஒரு முறை என்னைப் பார்த்தாள். என் பெண் காய்ச்சலில் படுத்திருந்தால் இப்படித்தான் பார்ப்பாள். நான் அழுதேன் என்று தாங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். அப்படியே செய்கிறேன்.

பெண்ணின் அம்மா


பிப்ரவரி 28, புதன்

சம்பந்தியம்மாவுக்கு,

முதலில் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். மீன் இரண்டும், இறாலும், கடற்சாமந்தியும் உயிரோடுதான் இருக்கின்றன. இறால் இன்று மீசையை மட்டும் வெளியே நீட்டியது.

குழம்பு அடுப்பில் வற்றினால் என்ன ஆகும்? உப்பு கரிக்கும். ஏனென்றால் ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு சட்டியிலேயே தங்கிவிடும். தொட்டியும் அப்படித்தான். விளிம்பில் பூப்பது தெறித்துக் காய்ந்தது, அது கடுகளவு. வற்றினதற்கு வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் கலப்பது, பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிது மாற்றும்போது மட்டும். இதை எனக்கு விமான நிலையத்தில் வாயால் சொன்னவன் உங்களுக்குச் சொல்லவில்லை. அவன் காதைத் திருக வேண்டும், ஆள் தூரத்தில் இருக்கிறான்.

இப்போது செய்ய வேண்டியது: தினம் ஒரு சின்ன வாளி தொட்டித் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, அதே அளவு வெறும் தண்ணீரை மெதுவாக, கரண்டி கரண்டியாக விடுங்கள். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் மீனுக்கு அதுவே எமன். முள் தினம் ஒரு நூல் இறங்கினால் போதும்.

என் பங்குத் தப்பையும் கேளுங்கள். பாசி என்னால்தான். காய்ச்சினால் கிருமி போகும், குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கிற சமாச்சாரமெல்லாம் எங்கே போகும்? சட்டியில் வெள்ளையாகப் படிவதை இத்தனை வருடம் சுரண்டிய எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். உங்கள் கடையில் நீராவி இஸ்திரிக்கு எதுவும் கலக்காத சுத்தத் தண்ணீர் வைத்திருப்பீர்களே, அதில் வாசனை எதுவும் போடவில்லை என்றால் அதைக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று. அன்று பந்தியில் நான் சொன்னது அதிகப்பிரசங்கித்தனம். பிள்ளைக்குக் கல்யாணம் பண்ணிவைத்துவிட்டு, ஆளில்லாத வீட்டுக்குத் தனியாகத் திரும்பிப் போக வேண்டுமே என்று காலையிலிருந்தே மனசு சரியில்லை. அது உப்பின் மேல் பாய்ந்துவிட்டது. உங்கள் விருந்து நன்றாக இருந்தது. ஒரு கூட்டில் மட்டும் உப்பு கம்மி. அதையும் சொல்லிவிடுகிறேன், பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மாப்பிள்ளையின் அம்மா


மார்ச் 9, சனி

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

முள் பச்சைக் கட்டத்துக்குள் வந்துவிட்டது. கடற்சாமந்தி விரிந்தாயிற்று. மருமகள் (நானே எழுதிவிட்டேன், இருக்கட்டும்) இன்று சின்னவரை மூலைக்கு மூலை விரட்டினாள். பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு வழி யோசித்திருக்கிறேன். எங்கள் கொதிகலனில் தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கித் தானாகவே தண்ணீர் விடும், நிறைந்தால் அடைத்துக்கொள்ளும். அது போல ஒன்றை இங்கே மாட்டி, மேலே ஒரு கேனில் சுத்தத் தண்ணீர் வைத்தால் கோடு எப்போதும் கோடாகவே இருக்கும். பழைய மிதவை ஒன்று கடையில் கிடந்தது, கொண்டுவந்திருக்கிறேன்.

இனி எழுத வேண்டியதை எழுதக் கை வரவில்லை. இன்று மீன் கடைக்காரர் ஒருவர் வந்தார். மாப்பிள்ளை அனுப்பினாராம். தொட்டியை மீனோடு எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாராம். பிள்ளைகள் அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்கப்போகிறார்கள். இந்த வீட்டை மாதக் கடைசியில் காலி செய்துகொடுக்க வேண்டும். என் பெண் போன வாரமே என்னிடம் சொன்னாள். தங்களிடம் மாப்பிள்ளையே சொல்லுவார், நீ வாயைத் திறக்காதே என்றாள். அவர் சொல்லியிருந்தால் இத்தனை நாளில் தாங்கள் ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள். யாரோ ஒரு கடைக்காரர் வாயிலிருந்து தங்களுக்கு இது தெரிய வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

அவரிடம் “இது என் சம்பந்தியம்மாவோட மகன் தொட்டி, அவங்கள கேக்காம நான் ஒண்ணும் தர முடியாது” என்றேன். திங்கட்கிழமை வருவார். என்னைத் திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 11, திங்கள்

சம்பந்தியம்மா,

உங்களை எதற்குத் திட்ட? உண்மையைச் சொன்னவர் நீங்கள் ஒருவர்தான்.

என் பிள்ளைக்கு என்னிடம் சொல்லத் தைரியம் இல்லை. வாரா வாரம் பேசுகிறான். நான் மீன் கதை சொல்வேன், அவன் ‘ம்’ கொட்டுவான். அந்த ‘ம்’ ஒவ்வொன்றிலும் இதை வைத்து முழுங்கியிருக்கிறான். தண்ணீர் ஊற்றி ஊற்றி நான் பிடித்துவைத்திருந்த கயிற்றை அவனே ஒரு கடைக்காரரிடம் அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். இன்று வெகுநேரம் தொட்டி விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் அந்தக் கடைக்காரர் வந்தார். பாவம், நல்ல மனுஷன், வாளியும் கையுமாக நின்றார். கொடுக்க மனசு வரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “பாதி மீனு சம்பந்தி வீட்டோடது. அவங்க சம்மதம் இல்லாம நான் எப்படிக் குடுப்பேன்? நானே போய்க் கேக்கலாம்னா எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை கிடையாது.” அவர் என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், சனிக்கிழமையும் இதையேதான் சொன்னார்கள் என்றார். அப்படியா, ஒற்றுமையைப் பாருங்கள் என்றேன்.

நாளைக்கு உங்களிடம் வருவார். என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது.

உங்கள் சம்பந்தி


மார்ச் 14, வியாழன்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

செவ்வாய்க்கிழமை வந்தார். தங்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். நேற்று தாங்கள் என் கையெழுத்து வேண்டும் என்றீர்களாம். இன்று வாளி இல்லாமல் வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு “நீங்க ரெண்டு பேரும் குடுக்கப்போறதில்லன்னு புரிஞ்சுபோச்சும்மா” என்றார். நம் சண்டையால் ஒரு நன்மை உண்டாயிற்று.

அவரால் இன்னொரு நன்மையும் உண்டு. நான் மாட்டக் கொண்டுவந்த மிதவையைப் பார்த்துப் பதறிவிட்டார். அது பித்தளையாம். அதிலிருந்து செம்பு தண்ணீரில் இறங்கினால் இறால் தப்பாதாம், கடற்சாமந்தியும் போய்விடுமாம். தம் கடையிலிருந்து பிளாஸ்டிக் மிதவை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

வீட்டைக் காலி செய்யும்போது தொட்டியை எங்கே வைப்பது என்று கேட்டார். யோசித்துவிட்டேன். தங்கள் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. இந்தக் கனத்தைத் தூக்கிப் போக ஆள் கிடைத்தாலும் தரை தாங்க வேண்டும். எங்கள் கடை தரைமட்டம். துணி உலர்த்தும் அறையில் வைத்தால் சூட்டில் வற்றிவிடும், அதனால் முன்னறையில் கணக்கு மேசைக்கு எதிரே இடம் பார்த்திருக்கிறேன். சுத்தத் தண்ணீருக்குப் பஞ்சமில்லை.

ஒன்றுதான் சங்கடம். தாங்கள் என் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று கல்யாண மண்டபத்தில் சபதம் செய்தீர்கள். கடையும் வீடும் ஒரே வாசல். தாங்கள் வரவில்லையென்றால் நான் தனியாக இந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளமாட்டேன். எனக்கு உப்பு விஷயத்தில் என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது. சொல்லுங்கள்.

தங்கள் சம்பந்தி


மார்ச் 15, வெள்ளி

சம்பந்தியம்மாவுக்கு,

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அந்தச் சபதத்தை நான் மறந்தே போயிருந்தேன், நீங்கள் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். செய்தவளே வாபஸ் வாங்குகிறேன். இருந்தாலும் உங்கள் வீட்டுக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உப்பைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டால் நான் நின்ற காலில் திரும்பிவிடுவேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பிள்ளைகள் வரப்போவதில்லை. இனி இந்த மீனை நாம் எதற்கு வளர்க்கிறோம்? எனக்கு அவன் திரும்பி வருவதற்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அது போய்விட்டது. நேற்றிரவு வரை விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் நினைத்தேன். இன்று காலை டப்பாவைத் தட்டியதும் மருமகள் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்து நின்றாள். பசி அவளுக்கு. அவளுக்கு என்ன தெரியும், யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று? தீனி போட்டுவிட்டுக் கோட்டைப் பார்த்தேன், கொஞ்சம் குறைந்திருந்தது, ஊற்றினேன்.

வருகிறேன். என்றைக்கு மாற்றுகிறோம் என்று எழுதுங்கள்.

உங்கள் சம்பந்தி


மார்ச் 23, சனி

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

திங்கட்கிழமை காலை மாற்றுகிறோம். கடைக்காரரே ஆளோடு வருகிறார். பழைய தண்ணீரில் முடிந்தவரை கேன்களில் பிடித்துக்கொண்டுபோய் அதையே ஊற்ற வேண்டுமாம், அப்போதுதான் மீனுக்கு இடம் மாறியது தெரியாது. சலவைப்பொடி படாத புதுக் கேன்களாக எடுத்துவைத்திருக்கிறேன். மீன்களும் இறாலும் வாளியில், தொட்டித் தண்ணீரிலேயே. வாளி தங்கள் மடியில். வேறு யாரையும் நம்பமாட்டேன்.

என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். உப்பைப் பற்றிப் பேசக்கூடாது என்றதும் “அப்ப என்னதான் பேசறது?” என்று கேட்கிறார். சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுப் போக வேண்டும். நான்தான் சமைக்கிறேன். குறை இருந்தால் என்னிடம் மட்டும், காதோடு சொல்லுங்கள்.

தங்கள் சம்பந்தி


ஏப்ரல் 18, வியாழன்

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இன்று நான் கடைக்கு வந்தபோது நீங்கள் துணி கொடுக்கப் போயிருந்தீர்கள். உங்கள் வீட்டு அண்ணன்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கோட்டில் நிற்கிறது, மிதவை சமர்த்தாக வேலை செய்கிறது, முள் பச்சையில் இருக்கிறது. இஸ்திரி போடக் காத்திருந்த இரண்டு பேர் மீனைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்கள். தினம் பார்த்துப் பேசிக்கொள்ளும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன், உங்கள் கடையில் ஆள் நடமாட்டம் அதிகம். அதனால் எழுதுகிறேன்.

நேற்று என் பிள்ளை பேசினான். தொட்டியைக் கொடுக்காததற்குக் கோபமா என்று கேட்டேன், சிரித்தான். நான் வழக்கம் போல மீன் புராணத்தைத் தொடங்கினேன். கடற்சாமந்தி இவ்வளவு பெரிதாகிவிட்டது, இறால் சட்டையை உரித்துப் போட்டது, எல்லாம் சொல்லிவிட்டு, “மீனு உன்னத் தேடுதுடா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போ” என்றேன்.

அவன் மெதுவாகச் சொன்னான்: “மீனு எதுக்கும்மா என்னத் தேடப்போகுது? நீ தேடுறேன்னு சொல்லு. வரேன்.”

சம்பந்தியம்மா, ஆஸ்பத்திரிச் சமையலறையில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கேட்கக் கத்துகிற தொண்டை எனக்கு. அவனை வளர்த்த இத்தனை வருடத்தில் சாப்பிட்டாயா, தூங்கினாயா, சட்டையைத் துவைத்தாயா என்று ஆயிரம் கேட்டிருக்கிறேன், இதை ஒரு தடவையும் சொன்னதில்லை. தொட்டியையும் தண்ணீரையும் காட்டித்தான் கூப்பிடத் தெரிந்தது.

சொல்லிவிட்டேன். “எனக்குத்தான் உன்னத் தேடுதுடா” என்றேன், அவ்வளவுதான். அந்தப் பக்கம் உங்கள் பெண் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. விடுமுறை போட்டுக்கொண்டு அடுத்த மாதம் இரண்டு பேரும் வருகிறார்கள்.

உங்களுக்கும் இன்று சாயங்காலம் அவள் பேசுவாள். வானிலை எப்படி, வேலை எப்படி என்று சுற்றி வளைக்காதீர்கள். வாய் கூசும், இருந்தாலும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி